கடற்காற்றும் காமிராக் கண்ணாடியும்

பிலிம் சுருளில் படம் பிடிக்கும் பழைய எஸ்.எல்.ஆர். காமிராக்கள்மீது நம் இளைஞர் சிலருக்கு மீண்டும் ஆசை பிறந்திருக்கிறது. நல்ல ஆசைதான். ஆயினும், கோட்டக்குப்பம் போன்ற கடலோர ஊரில் வாழும் குடும்பங்கள் பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் சிலவற்றை அறிந்திருத்தல் நலம்.

விற்பவர் காமிராவின் பெயரையும் புகழையும் விரித்துரைப்பார். நீங்களோ முதலில் லென்சைப் பாருங்கள். காமிராவின் உடலில் உள்ள பழுதைப் பெரும்பாலும் நீக்கிவிடலாம். பூசணம் தின்ற கண்ணாடிக்கு மருந்தில்லை. ஈரமும் இருளும் கூடிய இடத்தில் இப்பூசணம் லென்சின் உள்ளே சிலந்தி நூல்போல் படர்கிறது. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரிக்கிறது. பிரித்துத் துடைத்தால் பூசணம் போகும், தழும்பு போகாது. துவாரத்தை முழுதும் திறந்து, பின்புறம் டார்ச் விளக்கைப் பிடித்து, முன்புறமிருந்து சற்றுச் சாய்வாக நோக்கினால் உண்மை புலப்படும். ஓரிரு தூசிகளைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை.

அடுத்து, பின்கதவைத் திறந்து ஷட்டரை ஒரு விநாடி வேகத்தில் இயக்கிப் பாருங்கள். இடையில் திணறக் கூடாது. துணித்திரையாயின் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை உண்டா எனக் காண்க. கதவோரத்துப் பஞ்சு பிசுபிசுத்திருந்தால் ஒளி புகும். அதை மாற்றுவது சிறு வேலையே. புதிதாகக் கற்பவருக்கு, 1976 முதல் 1997 வரை தயாரிக்கப்பட்ட பென்டாக்ஸ் கே1000 போதுமென்பது என் கருத்து. அதில் பாட்டரி ஒளிமானிக்கு மட்டுமே; பாட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் இயங்கும்.

வாங்கியபின் நம்மவர் செய்வது என்ன? அழகிய தோலுறையில் இட்டுப் பீரோவில் பூட்டுகிறார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூசணத்துக்கு அதைவிட வசதியான வீடு வேறில்லை! இறுக மூடும் டப்பாவில் சிலிகா ஜெல்லுடன் வைப்பதே முறை. நீல நிறமணிகள் ஈரத்தை ஏற்று இளஞ்சிவப்பானதும், சூடாக்கினால் மீண்டும் நீலமாகும். சமையற் சட்டியில் வேண்டாம். அந்நீலம் கோபால்ட் உப்பால் வந்தது. பாட்டரியைக் கழற்றி வையுங்கள். மாதம் ஒருமுறையேனும் எல்லா வேகங்களிலும் ஷட்டரை இயக்குங்கள்.

செலவு காமிராவோடு முடிவதில்லை. உதகமண்டலத்தில் 1960-ல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தந்தது, அது மூடப்பட்டுவிட்டது. இன்று வெளிநாட்டுச் சுருளையே நம்ப வேண்டும். 36 படங்களுக்குச் சுருள், கழுவுதல், அச்சிடுதல் ஆகியவற்றின் விலையை முதலில் விசாரியுங்கள். பிள்ளையின் கல்விக் கட்டணம் காத்திருக்கையில் இதில் இறங்குவது முறையன்று.

தந்தையோ பாட்டனாரோ விட்டுச்சென்ற காமிரா வீட்டிலேயே கிடந்தால், ஐப்பசி மழை தொடங்குமுன் உறையைவிட்டு வெளியே எடுங்கள். டார்ச் ஒளியில் வெண்ணூல் தென்பட்டால் கைக்குட்டையால் தேய்க்காதீர்கள். பூசணம் இருப்பது உள்ளே. பழுது பார்ப்பவரிடம் அந்த வாரமே கொடுத்துவிடுங்கள்.