பந்தலில் பேசலாம், பள்ளியில் பேசலாகாதா?

ஊர் நடுவே பந்தல். வாயிலில் வாழை. தெருமுனையில் பத்தடி உயர விளம்பரத் தட்டி. அதிலே, பட்டுடுத்தி, தலைகொள்ளாத பூச்சூடி, சிரிப்பதா அழுவதா என்றறியாத முகத்தோடு நிற்கிறாள் பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி. 'மஞ்சள் நீராட்டு விழா' என்று கொட்டை எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஒலிபெருக்கி ஊரைக் கூட்டுகிறது. தாய்மாமன் சீர்வரிசை தட்டுத் தட்டாக அணிவகுக்கிறது. அந்தக் குழந்தையின் உடலில் நிகழ்ந்த மாற்றத்தை உற்றார் அறிந்தாயிற்று, ஊரார் அறிந்தாயிற்று, வழிப்போக்கனும் அறிந்தாயிற்று. அறியாதவள் ஒருத்தியே. அவள்தான் அந்தச் சிறுமி!

குருதி ஏன் வந்தது? இது நோயா, குற்றமா? மாதந்தோறும் வருமா? ஒருவரும் அவளுக்கு எடுத்துரைக்கவில்லை. தொடாதே, தனியே உட்கார், பூசை அறைப் பக்கம் போகாதே என்று தடைகளை மட்டும் அடுக்கினார்கள்.

விழா முடிந்து பள்ளிக்கு வருகிறாள். எட்டாம் வகுப்பு அறிவியல் நூலிலே வளரிளம் பருவத்தைப் பற்றி ஒரு பாடம் இருக்கிறது. அவளுக்கென்றே எழுதியது போன்ற பாடம்! ஆவலோடு காத்திருக்கிறாள். அந்தப் பக்கம் வந்ததும் ஆசிரியர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "இதை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள்" என்கிறார். ஏடு புரள்கிறது. அடுத்த பாடம் தொடங்குகிறது.

ஒலிபெருக்கி வைத்து ஊருக்கு உரைத்தால் அது பண்பாடு. கரும்பலகையில் எழுதி அவளுக்கு விளக்கினால் அது ஆபாசம்! இது எந்த ஊர் நியாயம், தோழர்களே?

குற்றவாளிக் கூண்டில் முதலில் ஏறவேண்டியவர்கள் வேறு யாருமல்லர், ஆசிரியர்களாகிய நாமே. கலைக்கல்லூரியில் பட்டம் பெற்று, பகுத்தறிவு மேடைகளில் கைதட்டிப் பழகி, பிறகு சாக்குக்கட்டி பிடிக்க வந்தவர்கள் நாம். அறிவியல் ஆசிரியர் விடுப்பிலிருந்த ஒருநாள் பத்தாம் வகுப்புக்குச் சென்றோம். இனப்பெருக்கப் பாடத்தை விரித்துவைத்துக்கொண்டு மாணவன் ஒருவன் எழுந்தான். "ஐயா, இதை யாரும் நடத்தவில்லை. தேர்வில் கேள்வி வருமா?" என்றான். பின்வரிசையில் சிரிப்பு. நமக்கோ முகம் சிவந்தது, நா வறண்டது. "வரும், மனப்பாடம் செய்" என்று கூறி நூலை மூடினோம். அவன் கேட்டது அறிவு. நாம் கொடுத்தது மதிப்பெண்! மேடையிலே மூடநம்பிக்கையைச் சாடிய வாய், வகுப்பறையிலே ஓர் உறுப்பின் பெயரைச் சொல்ல நாணியது. அந்த வெட்கந்தான் இதை எழுதத் தூண்டுகிறது.

பண்பாடு கெட்டுவிடும் என்று பதறுகிறார்கள் சிலர். எவருடைய பண்பாடு? வாழ்வை அகமென்றும் புறமென்றும் பகுத்து, அகத்துக்கு இலக்கணமே கண்டவன் தமிழன். திருக்குறளின் 133 அதிகாரங்களில் 25 அதிகாரங்கள், 250 குறட்பாக்கள், காமத்துப்பால்! அறத்துக்கும் பொருளுக்கும் பக்கத்திலே இன்பத்தையும் அமர்த்தினான் வள்ளுவன். அவன் நாணாத இடத்தில் நாணுகிறோம் நாம். கோயில் கோபுரத்துச் சிற்பங்களைக் குடும்பத்தோடு சுற்றி வந்து கும்பிடுகிறவர்கள், பாடநூலின் படத்தைக் கண்டு கண்ணைப் பொத்திக்கொள்கிறார்கள். கோபுரத்தில் இருந்தால் கலை, பாடநூலில் இருந்தால் கறையா?

'சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள்' என்பது அடுத்த அச்சம். யாரும் சொல்லிக்கொடுக்காததால் பிள்ளைகள் அறியாமலா இருக்கிறார்கள்? அவர்கள் சட்டைப்பையில் கைப்பேசி இருக்கிறது. ஆசிரியர் மூடிய நூலை அது திறந்து காட்டுகிறது, திரித்துக் காட்டுகிறது, பெண்ணைப் பண்டமாக்கிக் காட்டுகிறது. பாடம் நடக்கத்தான் நடக்கிறது, நடத்துபவர்தான் வேறு! பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த யுனெஸ்கோ, 2018இல் திருத்தி வெளியிட்ட தன் வழிகாட்டி நூலில், பாலியல் கல்வி பிள்ளைகளை உடலுறவுக்குத் தூண்டுவதில்லை என்றே கூறுகிறது. அச்சத்துக்குச் சான்று இல்லை, அறிவுக்கு இருக்கிறது.

அறியாமையின் விலை என்ன? 2007ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நடுவண் அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை அவ்வாண்டு வெளியிட்டது. ஏதேனும் ஒரு வகைப் பாலியல் கொடுமைக்கு ஆளானதாகக் கூறிய குழந்தைகள் 100க்கு 53 பேர்! கொடுமை செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். பெரும்பாலான குழந்தைகள் அதை ஒருவரிடமும் சொல்லவில்லை.

நாடு நடுங்கியிருக்க வேண்டாமா? நடந்தது என்ன? வளரிளம் பருவக் கல்வித் திட்டம் ஒன்று 2005இல் வகுக்கப்பட்டிருந்தது. ஆய்வு வெளிவந்த அதே 2007இல், மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், கருநாடகம் உள்ளிட்ட பல மாநிலங்கள் அந்தக் கல்வியைத்தான் தடுத்து நிறுத்தின! 2009இல் மாநிலங்களவையின் மனுக்கள் குழு, பள்ளிகளில் பாலியல் கல்வியே கூடாதென்று பரிந்துரைத்தது. மகான்களின் வரலாறுகளையும் தேசத் தலைவர்களின் வரலாறுகளையும் பாடத்தில் சேர்க்கச் சொன்னது. வீடு பற்றி எரிகிறது. தண்ணீர் கேட்டால் புராணம் படிக்கிறார்கள்!

மகான் கதை கேட்ட குழந்தைக்கு, தன்மீது படரும் கையைத் தட்டிவிடத் தெரியுமா? தன் உறுப்புக்கு ஒரு பெயர் உண்டென்றே அறியாத குழந்தை எந்தச் சொல்லால் முறையிடும்? கொடியவன் நம்பியிருப்பது தன் வலிமையை அன்று, குழந்தையின் வாயடைப்பை. அந்த வாயை அடைத்துக் கொடுப்பவர்கள் நாம். நம் மௌனம் குழந்தைக்குக் காவலன்று, கொடியவனுக்கே காவல்!

சட்டம் நம்மைவிட முன்னே சென்றுவிட்டது. 2012இல் வந்த போக்சோ சட்டத்தின் 43ஆம் பிரிவு, அச்சட்டத்தைக் குழந்தைகளும் பெற்றோரும் அறியச் செய்வது அரசுகளின் கடமை என்கிறது. 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், குழந்தைகளை ஆபாசமாகக் காட்டும் படங்கள் தொடர்பான வழக்கொன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பை மாற்றியபோது, பாலியல் கல்வி பற்றிய தவறான எண்ணங்களைச் சுட்டிக்காட்டி, முழுமையான பாலியல் கல்விக்கு வழிவகுக்க வேண்டுமென்று அறிவுறுத்தியது. நீதிமன்றம் பேசுகிறது; வகுப்பறை இன்னும் செருமிக்கொண்டிருக்கிறது!

நமக்கு முன்னே துணிந்தவர்கள் உண்டு. பம்பாய்க் கல்லூரி ஒன்றிலே கணிதம் கற்பித்த ரகுநாத் கார்வே, 1921இல் கருத்தடை ஆலோசனை நிலையம் திறந்தார். அந்தத் தொண்டுக்காக வேலையை இழந்தார். 1927இல் மராத்தியில் 'சமாஜ் ஸ்வாஸ்த்ய' என்னும் ஏட்டைத் தொடங்கினார். ஆபாசமென்று வழக்குத் தொடுத்தனர். 1934இல் அவருக்காக நீதிமன்றத்தில் வாதாடியவர் அண்ணல் அம்பேத்கர். 1953இல் கண்மூடும்வரை அந்த ஆசிரியர் ஓயவில்லை. இங்கே தந்தை பெரியார், 1930களிலேயே, கர்ப்பத்தடை பெண்ணின் விடுதலைக்கு வேண்டுமென்று 'குடிஅரசு' ஏட்டில் எழுதினார். வேலை போகுமென்று அவர் அஞ்சவில்லை. வசைக்கு இவர் அஞ்சவில்லை. மாதச் சம்பளமும் சட்டத்தின் துணையும் உள்ள நாம் எதற்கு அஞ்சுகிறோம்?

ஆகவே, பாடம் அச்சாகியிருக்கிறது என்ற ஆறுதல் போதாது. அச்சான பாடமன்று, நடந்த பாடமே பாடம்! தரம் என்று நாம் கேட்பது இதைத்தான். தொடக்கப் பள்ளியிலேயே குழந்தை தன் உறுப்புகளின் பெயரை நாணமின்றி அறியவேண்டும். வேண்டாமென்று சொல்லவும், நம்புகிறவரிடம் முறையிடவும், 1098 என்ற எண்ணை அழைக்கவும் அறியவேண்டும். பூப்பு வருவதற்கு முன்பே பூப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். வந்தபின் சொல்வது வெள்ளம் வந்தபின் அணை கட்டுவது. மாதவிடாய்ப் பாடம் நடக்கும்போது ஆண்பிள்ளைகளை வெளியே அனுப்பலாகாது. இன்று வெளியே அனுப்பப்படுபவன், நாளை எதுவும் அறியாத கணவனாக உள்ளே வருவான். உயர்நிலை வகுப்புகளில் கருத்தடை, நோய்த்தடுப்பு, ஒப்புதல் என்பதன் பொருள், உரிய வயதுக்கு முன் நடக்கும் திருமணத்தின் கேடு ஆகிய அனைத்தும் இடம்பெற வேண்டும். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுள்ள பெண்களில் 100க்கு ஏறத்தாழ 13 பேருக்கு 18 வயது நிறையும் முன்பே மணம் முடிந்துவிட்டது என்பதை மறவாதீர்! இவற்றை நடத்தும் ஆசிரியருக்கு முறையான பயிற்சி வேண்டும். நடத்தினாரா என்று கேட்க ஆளும் வேண்டும்.

கேட்கும் அந்த ஆள் யார்? இளந்தோழர்களே, நீங்கள்தான்! கல்வி உரிமைச் சட்டம் 2009, பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்கவேண்டும் என்கிறது. உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். உங்கள் அக்காள் அதில் இருப்பார், அண்ணி இருப்பார். அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் எழுந்து, கட்டடத்தையும் குடிநீரையும் கேட்ட கையோடு, "எட்டாம் வகுப்பிலே அந்தப் பாடத்தை நடத்தினீர்களா?" என்றும் கேட்கச் சொல்லுங்கள். ஒரே கேள்வி போதும். பல பள்ளிகளில் பல ஏடுகள் திறக்கும்.

நம் பங்குக்கு நாமும் ஒன்று செய்தோம். மறுவாரம் அதே பத்தாம் வகுப்புக்குச் சென்று, மூடிய பக்கத்தைத் திறந்தோம். கை நடுங்கியது, உண்மை. பின்வரிசையில் சிரிப்பும் எழுந்தது. ஐந்து நிமிடத்தில் அது அடங்கியது. பிறகு கேள்விகள் வந்தன. மணி அடித்த பிறகும் வந்துகொண்டேயிருந்தன.

பிள்ளைகள் அணியமாக இருக்கிறார்கள். நாம்?