மூலநூலின் பெயரால்

2022 ஆகஸ்டில் தொடங்கிய ‘ஹவுஸ் ஆஃப் த டிராகன்’ தொடரில் கோர்லிஸ் வெலாரியன் என்னும் கடலோடிப் பிரபுவாகக் கறுப்பின நடிகர் ஸ்டீவ் டூசான் தோன்றினார். மறுமாதம் வந்த ‘த ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரில், எல்ஃப் என்னும் மூப்பற்ற குலத்தின் வீரனாக இஸ்மாயில் குரூஸ் கோர்டோவா நடித்தார். இருவர் மீதும் இனவெறி வசை பொழிந்தது. நெருப்பு உமிழும் டிராகன்களை ஐயமின்றி ஏற்ற கண்களுக்கு, ஒரு பிரபுவின் தோல் நிறம் மட்டும் நம்பத்தகாததாயிற்று!

மூலநூலுக்கு மாறானது என்பதே அவர்தம் வாதம். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நூலில் வெலாரியன்கள் வெளிறிய நிறத்தவர்தாம், நாம் மறுக்கவில்லை. ஆயினும் திரைக்கு வருகையில் மாறாத நூல் எது? டோல்கீன் மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விரித்த வரலாற்றை ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ ஒரே காலத்து நிகழ்வாகச் சுருக்கியது. அதைக் குறை கூறுவது விமர்சனம். நடிகரின் பிறப்பைப் பழிப்பது விமர்சனமன்று.

இதில் வாசகர்களாகிய நமக்கும் இழப்புண்டு. அமேசான் தன் தளத்தில் பார்வையாளர் மதிப்புரைகளை 72 மணி நேரம் நிறுத்திவைத்தே வெளியிட்டது. வசையோடு நேர்மையான குறைகளும் காத்துக்கிடந்தன. மூலநூலை நேசிப்போர் முதலில் கண்டிக்க வேண்டியது, அதன் பெயரைக் கவசமாக அணிந்துவரும் வெறுப்பையே என்பது நம் துணிபு.