பாறைமேல் விரித்த இரட்டு



எபிரேய வேதாகமத்துப் பெண்கள் என்றால் சாராள், ரூத், எஸ்தர் என்று மளமளவென்று சொல்லிவிடுவோம். ரிஸ்பாளைச் சொல்பவர்கள் குறைவு. இந்தச் சிறப்பிதழை நான் போட நினைத்ததே அவளுக்காகத்தான்.

கதை சாமுவேலின் இரண்டாம் புத்தகம், 21ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. தாவீதின் ஆட்சியில் மூன்று வருடம் விடாமல் பஞ்சம். முன்பிருந்த அரசன் சவுல் கிபியோன் ஊராரைக் கொன்ற பழிதான் காரணம் என்று தெரியவருகிறது. அதற்கு ஈடாகச் சவுலின் வம்சத்தில் ஏழு பேரைக் கேட்கிறார்கள் கிபியோனியர். தாவீதும் கொடுத்துவிடுகிறான். இருவர் சவுலின் மறுமனையாட்டி ரிஸ்பாள் பெற்ற பிள்ளைகள். ஐவர் சவுலின் மகள்வழிப் பேரன்கள். ஏழு பேரையும் மலைமேல் ஒன்றாகக் கொன்று, உடல்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மரத்தில் தூக்கிய உடலை அன்றைக்கே அடக்கம் செய்துவிட வேண்டும் என்பது உபாகமத்துச் சட்டம். அங்கே யாருக்கும் அது நினைவு வந்ததாகத் தெரியவில்லை.

ரிஸ்பாள் இரட்டுத் துணியைக் கொண்டுபோய்ப் பாறைமேல் விரித்துக்கொள்கிறாள். வாற்கோதுமை அறுப்பு தொடங்கும் நேரம், ஏறக்குறைய ஏப்ரல். மழை விழும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை. அந்த நாட்டில் மழை பிடிப்பது அக்டோபர் வாக்கில்தான். அப்படியானால் ஐந்தாறு மாதம். (பருவம் தப்பி முன்பே பெய்திருக்கும் என்பாரும் உண்டு. சரி, ஒரு வாரம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த வெயிலில், அழுகும் ஏழு உடல்களோடு ஒரு வாரம்!) பகலில் பறவைகளை விரட்டுகிறாள், இரவில் காட்டு மிருகங்களை. பெற்றது இரண்டு பேரை, காத்தது ஏழு பேரையும்.

அவள் பேசியதாக ஒரு சொல்கூட வேதாகமத்தில் இல்லை. ஆனால் சேதி அரண்மனைக்குப் போகிறது. தாவீது கீலேயாத்தின் யாபேசு என்ற ஊருக்குப் போய்ச் சவுல், சவுலின் மகன் யோனத்தான் இருவரின் எலும்புகளையும் எடுத்துவருகிறான். இந்த ஏழு பேரின் எலும்புகளும் சேர்க்கப்படுகின்றன. சவுலையும் யோனத்தானையும் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்கிறார்கள். அதற்குப் பிறகுதான் கடவுள் தேசத்துக்காக இரங்கினார் என்று எழுதியிருக்கிறது. ஏழு பேரைக் கொன்ற கையோடு அல்ல. எழுதியவர் இதைத் தெரிந்தேதான் இந்த வரிசையில் வைத்திருக்கிறார் என்று நான் நினைக்கிறேன்.

வாய் திறந்து கேட்டுப் பெற்றவர்களும் உண்டு. செலொப்பியாத்தின் மகள்கள் ஐவர்: மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள். ஆண் வாரிசு இல்லை என்பதற்காக அப்பாவின் பெயர் அற்றுப்போக வேண்டுமா, எங்களுக்கும் நிலத்தில் பங்கு வேண்டும் என்று சபை முழுதும் பார்த்திருக்க மோசேயிடம் கேட்டவர்கள். அவர் கடவுளிடம் கேட்க, பெண்கள் சொல்வது நியாயம் என்றே பதில் வந்தது. பின்னாலேயே கோத்திரத்துப் பெரியவர்கள் வந்து, சொந்தக் கோத்திரத்துக்குள்தான் கல்யாணம் என்று ஒரு முடிச்சும் போட வைத்துவிட்டார்கள், அது வேறு!

1910இல் சமாரியாவில் தோண்டியபோது எழுத்துப் பொறித்த பானை ஓடுகள் கிடைத்தன. கி.மு. 8ஆம் நூற்றாண்டில் திராட்சரசமும் எண்ணெயும் வந்த கணக்கு அது. சரக்கு வந்த வட்டாரப் பெயர்களில் இந்தச் சகோதரிகளில் இருவர், நோவாளும் ஒக்லாளும், இருக்கிறார்கள்.

யோசியா ராஜா, ஆலயத்தில் கிடைத்த சுருளைப் பற்றி விசாரிக்க ஆள் அனுப்பிய தீர்க்கதரிசி உல்தாளுக்கு இந்த முறை பக்கம் போதவில்லை. அடுத்த இதழில் வருகிறாள். பெத்தொரோன் ஊர்களைக் கட்டிய சேராளைப் பற்றி எழுத இன்னும் ஆள் அமையவில்லை. முதலாம் நாளாகமத்தில் அவளுக்கு இருப்பது ஒரே ஒரு வசனம். அதை வைத்து இரண்டு பக்கம் எழுதத் தெம்புள்ளவர்கள் உடனே கடிதம் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்