பூட்டின வீட்டுக்கு ஆள் உண்டு, நாய்க்கு?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ராயவரம், கோனாபட்டு, குழிபிறை, நச்சாந்துபட்டி பக்கம் போயிருக்கிறீர்களா? தெருவுக்குத் தெரு அரண்மனை மாதிரி செட்டிநாட்டு வீடுகள். பல வீடுகளில் குடும்பம் இல்லை. சென்னையிலோ, சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். ஆனால், வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சம்பளத்துக்கு ஆள் போட்டிருப்பார்கள். திறந்து, கூட்டி, விளக்குப் போட்டுவிட்டுப் போவார். தேக்குத் தூணுக்குப் பசிக்காது, தாகம் எடுக்காது. ஆனாலும், அந்தச் சம்பளத்தை யாரும் ஊதாரித்தனம் என்று சொன்னதில்லை.

இதே மாவட்டத்தில்தான் 2019 ஜனவரியில், விராலிமலை ஜல்லிக்கட்டில் ஒரே நாளில் 1,300-க்கும் மேற்பட்ட காளைகளை அவிழ்த்துவிட்டு உலக சாதனை என்றார்கள். காளை வளர்க்கிற வீட்டில் கல்யாணம், காதுகுத்து என்று எல்லோரும் கிளம்பினாலும், தண்ணி காட்ட ஒருத்தர் தங்கிவிடுவார். அங்கே காளை என்பது வீட்டின் கௌரவம்.

நாய்க்கு மட்டும் என்ன குறைச்சல்?

கோடை லீவு. நாலு நாள் கொடைக்கானல். 'நாயை என்ன பண்ணப் போறீங்க?' என்று கேட்டுப் பாருங்கள். 'பக்கத்து வீட்ல சொல்லிட்டோம், சோறு வெச்சிருவாங்க!' அவரும் வைப்பார். கேட்டுக்கு வெளியே நின்று தட்டை உள்ளே தள்ளிவிட்டுப் போவார். தண்ணீர்ச் சட்டி கவிழ்ந்து கிடப்பதோ, சங்கிலி தூணைச் சுற்றி இறுகியிருப்பதோ அவருக்குத் தெரியாது. அவர் மேல் தப்பே இல்லை. அவர் செய்தது உதவி. உதவிக்குக் கணக்குக் கேட்க முடியுமா? கூலி கொடுத்தால்தான் கேட்க முடியும்.

அதற்குத்தான் 'பெட் சிட்டர்'. உடனே ஒரு நக்கல் வரும். 'நாய்க்கு ஆயாவா? பணக்காரத் திமிர்!' லாப்ரடார் குட்டியை ஆயிரக்கணக்கில் கொட்டி வாங்கியபோது இந்தச் சிக்கனம் எங்கே போயிருந்தது சார்?

மே மாதம் புதுக்கோட்டையில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நிழலும் தண்ணீரும் இல்லாத மொட்டை மாடியில் ஒரு பகல் போதும், உயிர் போக.

சட்டம் இல்லாமலில்லை. 1960-ம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம், வளர்க்கிற பிராணிக்குப் போதிய தீனி, தண்ணீர் கொடுக்காமலிருப்பது குற்றம் என்கிறது. பட்டினி கிடக்கும்படி விட்டுவிட்டுப் போவதும் குற்றம். எப்போதும் கட்டியே போட்டிருக்கும் நாயை நடக்கவிடாமலிருப்பதும் குற்றம். தண்டனை? முதல் தடவை பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரை அபராதம். டீயும் வடையும் சாப்பிட்டால் தீர்ந்துபோகிற காசு. ஆக, சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப்போவதில்லை.

'சென்னை, பெங்களூர்ல கிடைப்பாங்க. புதுக்கோட்டையில எங்க போறது?' நியாயமான கேள்வி. பூட்டின வீட்டுச் சாவியைப் பல வருஷமாக நாணயமாக வைத்திருக்கிறவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்களே! அவர்களில் பிராணிகள் மேல் பிரியமுள்ளவர்களுக்கு நாலு நாள் பயிற்சி கொடுத்தால் போதாதா? பக்கத்திலேயே ஒரத்தநாட்டில் 2012-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மனசு வைத்தால் முடியும். சில குடும்பங்களுக்குப் பிழைப்பும் ஆகும்.

ஆள் வைப்பதிலும் அவசரம் கூடாது. ஊருக்குக் கிளம்பும் முன்பே இரண்டு மூன்று தடவை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். நாய் அவரை மோந்து பார்த்துப் பழகட்டும். வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்ட அட்டை, டாக்டர் நம்பர், சாப்பாட்டு நேரம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுங்கள். காலையும் மாலையும் வரணும், நடக்கக் கூட்டிப் போகணும், தினம் ஒரு போட்டோ அனுப்பணும் என்று பேசிக் கூலியை முடிவு பண்ணுங்கள். 'நாய்தானே சார், பார்த்துக்கலாம்' என்று சொல்கிறவரைக் கேட்டோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த நாலு நாள் கூலி கட்டுப்படியாகாது என்றால், சொந்தக்காரர் யாரையாவது வீட்டில் தங்கவையுங்கள். அதற்கும் வழியில்லையா? தயவுசெய்து நாய் வாங்காதீர்கள்.

நாய் நன்றியுள்ள பிராணி என்று பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதி மார்க் வாங்கியவர்கள் நாம். நன்றியை நாயிடம் மட்டும் எதிர்பார்த்தால் எப்படி?