மிச்சம் பிடிக்கும் வித்தை

"பாஸ்டாக் ஒட்டினால் பாதிப் பணம் மிச்சம்!" என்று தாம்பரத்து நண்பர்கள் பூரித்துப் போகிறார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஒட்டாதவன் ரொக்கத்தை நீட்டினால் இரட்டைக் கட்டணம் என்பது 2021-ல் வந்த விதி. அபராதத்துக்குத் தப்புவதன் பெயர் சேமிப்பா, ஐயா?

2025 ஆகஸ்டில் ஆண்டுச் சீட்டு வந்தது. அப்போது 3,000 ரூபாய்க்கு 200 தடவை; தடவைக்கு 15 ரூபாய். யாருக்கு? சொந்தக் காரில் போகும் நமக்கு. அந்தச் சாலையையே நம்பிப் பிழைக்கும் வாடகைக் கார்க்காரனுக்கு இல்லை!

பரனூர்ச் சாவடியில், 1954-ல் கட்டிய பாலத்துக்காக 22.10 கோடி ரூபாய் வசூலித்தது முறையல்ல என்று தலைமைத் தணிக்கையாளரின் 2023 அறிக்கை சொல்லிற்று. வாங்கக் கூடாத காசை ஒட்டுச்சீட்டு வழியாக வாங்கினால் நியாயமாகிவிடுமா? ரொக்கம் கொடுத்த நாளில் ஏனென்று கேட்கவாவது நின்றோம். இப்போது வண்டியும் நிற்பதில்லை, கேள்வியும் நிற்பதில்லை.