தொலைந்த தடுப்பூசி அட்டை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண் வெளிநாட்டுப் படிப்புக்குக் கிளம்பும்போது தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசிச் சான்று கேட்கிறார்கள். வீட்டில் அட்டை இல்லை. 1985-இல் அனைவருக்குமான தடுப்பூசித் திட்டம் வந்த பிறகும் வெகுகாலம் ஆதாரமாக இருந்தவை காகித அட்டையும் சுகாதார நிலையப் பதிவேடும்தான். தோள் தழும்பு பிசிஜி போட்டதைச் சொல்லும். மற்ற ஊசிகளைச் சொல்லாது. அட்டை கிடைத்தாலும் ரூபெல்லா அதில் இல்லாமல் போகலாம். தமிழக அரசு முகாம்களில் அந்த ஊசி பரவலாகப் போடப்பட்டதே 2017-இல்தான்.

கலங்க வேண்டாம். பிறந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலும், அன்று பார்த்த மருத்துவரிடமும், படித்த பள்ளியிலும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பாற்றல் உண்டா என்று பார்க்கலாம். அல்லது மருத்துவரைக் கேட்டு மீண்டும் போட்டுக்கொள்ளலாம். முன்பே போட்டவருக்கும் அதனால் பொதுவாகத் தீங்கில்லை. கர்ப்பிணிகளும் எதிர்ப்பாற்றல் மிகக் குன்றியவர்களும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியைத் தவிர்க்க வேண்டும்.

இன்றைய குழந்தைகளின் ஊசிகள் யூ-வின் என்னும் அரசு இணையதளத்தில் பதிவாகின்றன. எஞ்சியுள்ள பழைய பதிவேடுகள் செல்லரிக்கும் முன் அவற்றையும் கணினியில் ஏற்ற மாநில சுகாதாரத் துறை முன்வர வேண்டும். காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே அந்தப் பணியைத் தொடங்கட்டும்.