இல்லமும் நலமும்: இன்னும் ஒரு கரண்டி

சில மாதங்களாக இப்பகுதிக்கு வரும் கடிதங்களில் ஒரு விஷயம் திரும்பத் திரும்பத் தலைகாட்டுகிறது. "உடல் பருமனைக் குறைப்பதற்காக என் கணவருக்கு ரண சிகிச்சை நடந்து மூன்று வாரமாகிறது. அவருக்கு என்ன சமைப்பது என்றே தெரியவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியாரோ, பிள்ளையை நான் பட்டினி போடுவதாகக் கண் கலங்குகிறார்" என்று ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். இது அவர் ஒருவருடைய சங்கடமன்று. ஊரையும் உறவையும் விட்டு வந்து வடக்கே குடித்தனம் நடத்தும் நம் இல்லங்கள் பலவற்றில் இன்று இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. ஆகவே, இத்திங்கள் இதனைப் பற்றியே எழுதத் துணிந்தேன்.

இவ்விஷயத்தில் எனக்கு ஏட்டறிவைவிட வீட்டறிவே அதிகம். தில்லியில் எங்களோடு வசிக்கும் என் தம்பிக்கு 2016 டிசம்பரில் இச்சிகிச்சை நடந்தது. அப்போது அவன் எடை 128 கிலோ. நீரிழிவு ஒருபுறம், முழங்கால் வலி ஒருபுறம், உறக்கத்தில் மூச்சு தடைப்படுவது ஒருபுறமாக அவனை வருத்தின. பத்தியமும் நடையும் பல ஆண்டுகள் முயன்று தோற்ற பின்னரே டாக்டர்கள் இவ்வழியைக் கூறினர். சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதன் பின் நேர்ந்த தொல்லைகளில் ஒன்றுக்கு என் கைக்கரண்டியே காரணம். அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் சிகிச்சையின் இயல்பைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம். இன்று பெருவழக்காக உள்ளவை இரண்டு. 'ஸ்லீவ்' என்பது ஒன்று. இதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சியதை ஒரு குறுகிய குழாய் போல் ஆக்கிவிடுகின்றனர். 'பைபாஸ்' என்பது மற்றொன்று. இதில் இரைப்பையின் மேற்பகுதியை ஏறக்குறைய 30 மில்லி கொள்ளும் சிறு பையாகப் பிரித்து, அதனை நேரே சிறுகுடலோடு இணைத்துவிடுகின்றனர். பைபாஸ் முறைக்கு வித்திட்டவர் அமெரிக்காவில் அயோவா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய எட்வர்ட் மேசன் என்னும் டாக்டர். அவர் 1966ஆம் ஆண்டில் தொடங்கிய முறை படிப்படியாகச் செம்மையுற்று இன்றைய நிலையை அடைந்தது. என் தம்பிக்கு நடந்தது ஸ்லீவ்.

பசியைத் தூண்டும் 'கிரெலின்' என்னும் சுரப்பின் பெரும்பகுதி இரைப்பையின் மேற்பகுதியிலேதான் உண்டாகிறது. ஸ்லீவ் சிகிச்சையில் அப்பகுதி போய்விடுவதால் முதற்சில மாதங்கள் பசியே தோன்றாமற் போகலாம். "பசித்தால் கேட்பான்" என்று நாம் காத்திருக்கலாகாது. கடிகாரத்தைப் பார்த்து, கால் கோப்பை அளவாகப் பல வேளை கொடுக்க வேண்டும்.

அந்த முதல் வாரங்களுக்கென்று ஒரு படிமுறை உண்டு. முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம். பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம் பால், நீர்மோர், பருப்புத் தண்ணீர் முதலிய திரவங்கள். அடுத்த இரண்டு வாரம் மசித்த உணவு. அதற்கப்பால் மிருதுவான உணவு. ஆறு முதல் எட்டு வாரத்துக்குப் பின்னரே வழக்கமான திட உணவு. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி இக்கணக்குச் சிறிது மாறுபடும். அவர்கள் கொடுத்த தாளை அடுக்களைச் சுவரில் ஒட்டி வைத்து, அதன்படியே நடக்க வேண்டும். நம் சமையலில் இதற்கு ஏற்றவை ஏராளம். காரம் குறைத்து வடிகட்டிய ரசம், கஞ்சித் தெளிவு, குழைய வேகவைத்து மசித்த பாசிப்பருப்பு, கட்டியில்லாத தயிர், மிருதுவாகப் பொரித்த முட்டை இவையெல்லாம் அந்தந்தப் படியில் உதவின. மாமியாரின் கண்ணீரைத் துடைக்க விரும்பும் சகோதரி இந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டட்டும். உள்ளே தையல் போட்ட புண் ஆறும் காலம் இது என்று புரிந்துவிட்டால், எந்தத் தாயும் பிள்ளையை வற்புறுத்த மாட்டாள்.

இத்தனையும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. எனினும், சிகிச்சை முடிந்து ஐந்தாவது வாரம் பொங்கல் வந்தது. வீட்டில் விருந்தினர், நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கல். தம்பி ஒரு தேக்கரண்டி அளவு வாயிலிட்டுக்கொண்டு, "போதும் அக்கா" என்றான். "நாளும் கிழமையுமாக இன்னும் ஒரு கரண்டி உன்னை என்ன செய்துவிடும்?" என்று நான் தட்டிலே வைத்தேன். விருந்தினர் முன்னிலையில் என்னை மறுக்க மனமின்றி அவன் உண்டான். கால் மணி நேரம் கழியுமுன் நெஞ்சை அடைத்தாற்போல் வலி, முகமெல்லாம் வியர்வை, படபடப்பு. கொல்லைப்புறம் சென்று வாந்தி எடுத்துவிட்டு, மாலை வரை சுருண்டு படுத்துக் கிடந்தான். "இடமில்லாத பைக்குள் திணித்தால் இப்படித்தான் ஆகும். சர்க்கரை விரைந்து குடலுக்குள் இறங்கினாலும் இந்தப் படபடப்பு உண்டாகும். பைபாஸ் செய்துகொண்டவர்களுக்கு இது இன்னும் கடுமையாக வரும்" என்று டாக்டர் விளக்கினார். அன்பினால்தான் செய்தேன். ஆனால் அவனுடைய "போதும்" என்ற சொல்லுக்கு என் வீட்டில் மதிப்பில்லாமற் போயிற்றே என்பதுதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

அன்று முதல் எங்கள் உண்ணும் முறையே மாறிற்று. "நொறுங்கத் தின்றால் நூறு வயது" என்பது நம் பழமொழி. இச்சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு அது பழமொழியன்று, சட்டம். கவளம் கவளமாக உருட்டிப் போடும் வழக்கத்தை விட்டு, சிறு கரண்டியால் எடுத்து, கூழாகும் வரை மென்று விழுங்க வேண்டும். ஒரு வேளை உணவுக்கு 20 முதல் 30 நிமிஷம் ஆகலாம். ரசஞ்சாதத்தையும் மோர்சாதத்தையும் மெல்லாமலே விழுங்கிப் பழகிய நமக்கு இது எளிதன்று. தண்ணீரும் சாப்பாடும் ஒன்றாகக் கூடாது. சாப்பிட்டு அரைமணி கழித்தே நீர் பருகலாம். அதையும் மடமடவென்று குடிக்க முடியாது. மிடறு மிடறாகத்தான் இறங்கும். ஆயினும் நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்குக் குறையலாகாது. தில்லியின் மே, ஜூன் வெயிலில் இதை மறந்தால் உடல் வறண்டு ஆஸ்பத்திரியில் சேரும்படி நேரும். குளிர்காலத்திலோ தாகமே தோன்றாது. ஆகவே ஒரு புட்டியில் அளந்து வைத்து நாள் முழுதும் பருகுவதே உத்தமம்.

அடுத்து, தட்டில் எதற்கு முதலிடம்? நம் வழக்கப்படி சோறுதான் அரசன், மற்றவை பரிவாரம். சிறுத்த இரைப்பையில் அந்த அரசனுக்குக் கடைசி இடமே உண்டு. நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது டாக்டர்களின் பொதுக் கணக்கு. இன்றேல் கொழுப்போடு தசையும் கரைந்துபோகும். ஓர் இட்லியில் ஏறக்குறைய 2 கிராம் புரதமே உண்டு. ஒரு முட்டையில் 6 கிராம். 100 கிராம் மீனில் 20 கிராம் அளவில் உண்டு. சைவ உணவினர் மனம் தளர வேண்டியதில்லை. 400 மில்லி பாலில் 13 கிராம், 100 கிராம் பனீரில் 18 கிராம், 200 கிராம் தயிரில் 7 கிராம், 50 கிராம் பாசிப்பருப்பில் 12 கிராம், 50 கிராம் கொண்டைக்கடலையில் 10 கிராம் என்று கூட்டினால் 60 வந்துவிடும். இத்தனையும் உண்ணும் திறன் வரச் சில மாதங்களாகும். அதுவரை டாக்டர் குறிக்கும் புரதப் பொடி துணை நிற்கும். முதலில் பருப்பு, பனீர், முட்டை, பிறகு காய், இடமிருந்தால் சோறு. இவ்வரிசை மாறலாகாது.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்பும் செய்தி மாத்திரையைப் பற்றியது. ஒன்றரை ஆண்டில் தம்பியின் எடை 90 கிலோவாக இறங்கிற்று. நீரிழிவு மருந்தை டாக்டரே படிப்படியாகக் குறைத்தார். மாடிப்படி ஏறினான், காலை நடை சென்றான். "இனி எனக்கு ஒரு குறையுமில்லை" என்று சத்து மாத்திரைகளைத் தானாகவே நிறுத்திவிட்டான். இரத்தப் பரிசோதனைக்கும் போகவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 2020இல் பாதங்கள் மரத்துப்போயின. செருப்புக் கழன்றதுகூடத் தெரியாமல் நடந்தான். சோதித்ததில் பி12 என்னும் வைட்டமின் அடிமட்டத்தில் இருந்தது. அந்தச் சத்தை உடல் ஏற்பதற்கு இரைப்பையில் ஊறும் ஒரு பொருள் தேவை. இரைப்பை குறைந்தால் அதுவும் குறைகிறது. கல்லீரலில் முன்பே சேர்ந்திருந்த கையிருப்பு சில ஆண்டுகள் தாங்கும்; ஆகையால் குறை தாமதமாகவே வெளிப்படும். ஊசி மருந்தால் அவன் பெரிதும் தேறிவிட்டான். ஆனால் இடக்கால் விரல்களில் அந்த மரப்பு இன்னும் முழுதும் நீங்கவில்லை.

ஆகவே, மாத்திரை ஆயுட்காலத் துணை என்பதை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். பி12, இரும்புச்சத்து, சுண்ணாம்புச்சத்து, வைட்டமின் டி ஆகியவை முக்கியமானவை. இரும்பையும் சுண்ணாம்பையும் ஒருங்கே விழுங்கலாகாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். இரும்பு மாத்திரையோடு காப்பியோ தேநீரோ குடித்தால் அது உடலில் சேர்வது குறையும். காலைக் காப்பி இல்லாமல் கண் திறக்காத நம்மவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை தவறலாகாது. நாட்கணக்கில் வாந்தி நீடித்தால் பி1 என்னும் சத்துக் குறைந்து மூளைக்கே தீங்கு நேரலாம். உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பிந்திய நாட்களில் காய்ச்சல், கடுமையான வயிற்றுவலி, விரைந்த நாடித்துடிப்பு, தண்ணீரும் தங்காமை இவற்றுள் எது தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திருக்கலாகாது.

வேறு சில செய்திகள். மூன்று, நான்கு மாதங்களில் தலைமயிர் கொட்டலாம். புரதமும் சத்தும் சரியாயிருந்தால் பெரும்பாலும் மீண்டும் வளரும். வலி மாத்திரைகளைக் கடையில் தாமாக வாங்கி விழுங்கலாகாது. சில வகைகள் புண் உண்டாக்கும். மது முன்னைவிட வேகமாகத் தலைக்கேறும். குழந்தைப்பேற்றை நாடும் பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை பொறுப்பது நலம். இரண்டு ஆண்டுகளுக்குப் பின் சிறிது எடை திரும்புவது பலருக்கும் இயல்பு. அதற்காக யாரையும் குற்றவாளியாக நிறுத்த வேண்டாம். ஆனால் முறுக்கு, மிக்சர், ஐஸ்கிரீம், சர்க்கரை மிகுந்த காப்பி ஆகியவை சிறுத்த வயிற்றிலும் வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். எடை மீளும் வழி பெரும்பாலும் அதுவே.

நம்போன்ற வெளியூர்க் குடும்பங்களுக்கு ஊர்ப்பயணமும் ஒரு சோதனை. சென்னைக்கு ரயிலில் இரண்டு இரவும் ஒரு பகலும் செல்ல வேண்டும். அதற்குப் பொட்டுக்கடலை, பனீர், தண்ணீர்ப் புட்டி, நாட்கணக்கிட்ட மாத்திரைகள் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்கிறோம். ஊரில் இறங்கியதும், "ஐயோ, இப்படி இளைத்துவிட்டாயே! என்ன நோய்?" என்ற கேள்வி எழும், தொடர்ந்து இலை நிறைய உபசாரமும் வரும். தம்பி முதலில் கூனிக் குறுகினான். கலியாண வீடுகளுக்கு வரவே மறுத்தான். இப்போது நான் அவன் பக்கத்தில் அமர்ந்து, "இவனுக்கு இவ்வளவுதான், டாக்டர் கட்டளை" என்று முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறேன். பந்தியில் தனித்து நிற்பவனுக்கு அதைவிடப் பெரிய உபசாரம் வேறில்லை.

இவ்வாண்டுப் பொங்கலன்றும் எங்கள் வீட்டில் சர்க்கரைப் பொங்கல் உண்டு. தம்பி முதலில் சுண்டலை உண்டு முடித்தான். பிறகு தானே ஒரு தேக்கரண்டி பொங்கலை எடுத்து, நெடுநேரம் சுவைத்துவிட்டு, "போதும் அக்கா" என்றான். நான் கரண்டியைப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டு, அவனருகில் உட்கார்ந்து என் பங்கை உண்டேன்.

கடிதம் எழுதிய சகோதரிக்கு என் விடை இதுவே. அம்மா, உன் கணவர் பட்டினி கிடக்கவில்லை. புதிதாக உண்ணக் கற்றுக்கொண்டிருக்கிறார். வீட்டார் யாவரும் அவரோடு சேர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். மாமியாரையும் அருகில் அமர்த்திக்கொண்டு, பருப்பை மசிக்கும் வேலையை அவரிடமே கொடுத்துப் பாருங்கள். பிள்ளைக்குத் தாம் ஊட்டுவதாகவே அவருக்குத் தோன்றும்.

அடுத்த திங்கள் வேறொரு கடிதத்தோடு சந்திப்போம்.